படிக்கிற பிள்ளைக்கு என்ன குடிக்கக் கொடுப்பது?



சென்ற தேர்வுக் காலத்தில் நமது அறக்கட்டளையின் இரவுப் படிப்பு வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம். ப்ளஸ் டூ படிக்கும் மாணவர். கணக்கில் கெட்டிக்காரர். திருப்புதல் தேர்வன்று தேர்வறையிலிருந்து பாதியில் எழுந்து வந்துவிட்டார். கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, நேற்றிரவு பார்த்த சூத்திரம்கூட நினைவுக்கு வரவில்லை என்றார். மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். “ராத்திரி என்ன குடிச்சே?” என்பதுதான் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி.

குடித்தது இவ்வளவு: நம் வகுப்பில் ஒரு டீ. வீட்டுக்குப் போனதும் ஒரு காப்பி. அதன் பிறகு, பெட்டிக்கடையில் வாங்கி வைத்திருந்த எனர்ஜி டிரிங்க் இரண்டு பாட்டில். தூங்கியது மூன்று மணி நேரம்கூட இல்லை. “படிக்கிற புள்ள, தெம்பா இருக்கட்டும்னு நாந்தான் காசு கொடுத்தேன்” என்று அவருடைய உம்மா அழுதார். அந்தத் தாய்க்கு நாங்கள் என்ன சமாதானம் சொல்வது? அன்றிரவு எட்டரை மணிக்கு அந்த முதல் டீயை ஊற்றிக் கொடுத்தது நாங்கள்தானே.

அதற்குப் பிறகுதான், நாம் அன்றாடம் குடிப்பவை மூளையை என்ன செய்கின்றன என்று கொஞ்சம் படித்தோம், மருத்துவர்களிடமும் கேட்டோம். தெரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறோம். டீ, காப்பியை விட்டுவிடுங்கள் என்று சொல்வதற்காக அல்ல. எங்கள் அலுவலகத்திலேயே காலை பத்தரைக்கு டீ வராவிட்டால் கோப்பு நகராது.

தெம்பு எங்கிருந்து வருகிறது?

நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகிறது. மூளை செல்களில் அதற்கென்று உள்ள இடங்களில் அது போய் உட்கார உட்கார நமக்குக் கண் சொருகுகிறது. தூங்கும்போது அது வடிந்துவிடுகிறது. காலையில் தலை லேசாக இருப்பது அதனால்தான்.

டீயிலும் காப்பியிலும் உள்ள காஃபினின் அமைப்பு இந்த அடினோசினை ஒத்தது. திருவிழாக் காலத்துப் பேருந்தில் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள் அல்லவா, அதுபோல அடினோசின் உட்கார வேண்டிய இடத்தைக் காஃபின் பிடித்துக்கொள்கிறது. இடம் கிடைக்கவில்லை என்பதற்காகக் கூட்டம் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. வெளியே நின்றுகொண்டிருக்கிறது, மேலும் ஆட்கள் வந்து சேர்கிறார்கள். துண்டு எடுக்கப்பட்டதும் மொத்தக் கூட்டமும் ஏறி உட்காருகிறது. இரவு முழுக்கக் காப்பி குடித்துப் படித்தவருக்குக் காலையில் திடீரென்று தலை பாரமாவது இப்படித்தான். காஃபின் களைப்பைப் போக்குவதில்லை, களைப்பு தெரியாமல் மறைக்கிறது. உடலுக்கு அது ஒரு துளி சக்தியும் தருவதில்லை.

மறைத்தாலும் பயன் இல்லாமல் இல்லை. களைத்திருப்பவர் காஃபின் குடித்தால் விழிப்பு கூடும், கவனம் சிதறுவது குறையும், கைகால் சட்டென்று இயங்கும். இது பல ஆய்வுகளில் உறுதியானது. ஆனால் புரியாத பாடத்தைப் புரியவைக்குமா, படித்ததை மனதில் பதியவைக்குமா என்றால் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சோர்ந்த கண்ணைத் திறந்து வைக்கும், அவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்.

பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 379 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. அவர்களில் தினமும் காப்பி, டீ குடிப்பவர்களும் இருந்தார்கள், அரிதாகக் குடிப்பவர்களும் இருந்தார்கள். எல்லோரையும் 16 மணி நேரம் காஃபின் இல்லாமல் இருக்கச் சொல்லிவிட்டு, பாதிப் பேருக்குக் காஃபினும் மீதிப் பேருக்கு ஒன்றுமில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். தினமும் குடிப்பவர்களில் காஃபின் கிடைக்காதவர்கள் தலைவலியும் மந்தமுமாக இருந்தார்கள். கிடைத்தவர்கள் தெளிந்தார்கள். எவ்வளவு தெளிந்தார்கள் என்பதுதான் செய்தி: வழக்கமாகக் காப்பி குடிக்காமல், அன்றும் வெறும் மாத்திரையே விழுங்கியவர்கள் எந்த அளவு சுறுசுறுப்பாக இருந்தார்களோ, அந்த அளவுதான். அதைத் தாண்டவில்லை.

“டீ குடிச்சாத்தான் எனக்கு மூளையே வேலை செய்யும்” என்று நம்மில் பலர் சொல்கிறோம். உண்மையைச் சொன்னால், பழக்கம் இல்லாதவர் காலையில் இலவசமாக நிற்கும் இடத்துக்கு, நாம் டீக்குக் காசு கொடுத்துப் போய்ச் சேருகிறோம். பெரியவர்கள் பழகிவிட்டோம், போகட்டும். பத்தாவது படிக்கும் பிள்ளையை இந்தப் பழக்கத்துக்குள் கொண்டுவருவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

தூக்கத்தை விரட்டக் காப்பி குடிப்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. 15-ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டு சூஃபிகள் இரவு திக்ரில் கண்ணயராமல் இருக்க கஹ்வா குடித்தார்கள். அங்கிருந்து அது மக்காவுக்கும் கெய்ரோவுக்கும் பரவியது. 1511-இல் மக்காவின் ஆளுநராக இருந்த கைர் பேக் காப்பியைத் தடை செய்தார், அந்தத் தடை நீடிக்கவில்லை. ஏமனிலிருந்து ஏழு காப்பிக் கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தவர் பாபா புதான் என்று சொல்லப்படுகிறது. அந்த மலை இன்றும் அவர் பெயரால் பாபா புதான் கிரி. நம் வீட்டு ஃபில்டரில் இறங்கும் டிகாஷனுக்கு இப்படி ஒரு பூர்வீகம் உண்டு. அந்தப் பெரியவர்களும் கஹ்வாவை விழித்திருக்கத்தான் குடித்தார்கள்.

எட்டரை மணி டீ எத்தனை மணிக்குப் போகும்?

குடித்த காஃபின் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சத்தை அடைகிறது. அதில் பாதி வெளியேற சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. ஆளுக்கு ஆள் இது மாறும். கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் 15 மணி நேரம் வரைகூட ஆகலாம். அதனால்தான் அவர்கள் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது.

கணக்கு எளிது. இரவு 8.30 மணிக்கு ஒரு டீ குடித்தால், அதன் காஃபினில் பாதி நள்ளிரவு 1.30 மணிக்கும் உடம்பில் இருக்கிறது. மேலே ஒரு காப்பியும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், தூங்கப் போவதற்கு 6 மணி நேரத்துக்கு முன் 400 மில்லிகிராம் காஃபின் கொடுத்தார்கள். நாலைந்து காப்பிக்குச் சமமான பெரிய அளவுதான் அது. கருவி வைத்து அளந்தபோது தூக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்திருந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் குடித்ததற்கே இப்படி.

தூக்கம் குறைந்தால் என்ன, படிக்க நேரம் கிடைக்கிறதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான். அன்று புதிதாகக் கற்றது, தூங்கும்போது மறுபடி ஓட்டிப் பார்க்கப்பட்டு, நீண்டகால நினைவில் சேர்கிறது. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுப் போன நம் மாணவருக்குச் சூத்திரம் நினைவுக்கு வராததில் வியப்பு என்ன? அது உள்ளே போய்ச் சேரவே இல்லை.

பாட்டிலுக்குள் எவ்வளவு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் தரும் கணக்கு இது. 150 மில்லி டிகாஷன் காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபின், இன்ஸ்டன்ட் காப்பியில் 50 முதல் 65, ஒரு கப் டீயில் 30 முதல் 65. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அந்த வழிகாட்டி. அது பெரியவர்களுக்கு. (காப்பித்தூளில் சிக்கரி கலந்திருந்தால் காஃபின் குறையும். சிக்கரியில் காஃபினே கிடையாது.)

பிள்ளைகளுக்கு? உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் கணக்கு. 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு 150. 15 கிலோ எடையுள்ள நாலு வயதுக் குழந்தைக்கு 45, அதாவது ஒரே ஒரு கப் டீ. “பிஸ்கட் தொட்டுக்க கொஞ்சம்தான்” என்று வாப்பாமார்கள் தங்கள் கிளாஸிலிருந்து ஊற்றிக் கொடுப்பதைப் பார்க்கிறோம். அந்தக் கொஞ்சம் காலையிலும் மாலையிலும் சேர்ந்தால் அந்தச் சின்ன உடம்புக்குக் கொஞ்சம் அல்ல.

இனி எனர்ஜி டிரிங்க். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி இவற்றில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம். 250 மில்லி பாட்டிலில் அதிகபட்சம் 75. நியாயமாகச் சொன்னால் இது ஒரு நல்ல டிகாஷன் காப்பியைவிடக் குறைவு. அப்படியானால் ஏன் இவ்வளவு பயம்? காப்பியைச் சூட்டோடு ஊதி ஊதிக் குடிக்கிறோம். இதைச் சில்லென்று ஒரே மூச்சில் குடித்துவிடலாம், இனிப்பில் கசப்பு தெரியாது, அடுத்ததும் திறக்கப்படும். நம் மாணவரின் கணக்கைப் பாருங்கள்: இரண்டு பாட்டிலில் 150 வரை, டீயில் 40, காப்பியில் 60. அவர் எடைக்கு உரியது 150, உள்ளே போனது 250. கை நடுங்காமல் என்ன செய்யும்?

அந்தப் பாட்டிலின் மேலேயே, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஏற்றதல்ல என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. பொடி எழுத்தில் இருக்கும், ஒருமுறை கண்ணாடி போட்டுப் படித்துப் பாருங்கள். குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் உணவில் இவற்றுக்கு இடமே இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011-இலேயே சொல்லிவிட்டது. லித்துவேனியா 2014-இலும் போலந்து 2024-இலும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இவற்றை விற்கவே தடை விதித்தன. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் பள்ளிச் சீருடையோடு நிற்பவருக்கும் கேட்டதும் கிடைக்கிறது. கடை வைத்திருக்கும் சகோதரர்களிடம் இதைத் தனியாகவும் பேசியிருக்கிறோம். இரண்டு பேர் சீருடைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கோலா வகைகளில் காஃபின் குறைவு, 250 மில்லியில் 25 மில்லிகிராம் அளவில்தான். அங்கே பார்க்க வேண்டியது சர்க்கரை. அதே 250 மில்லியில் ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. இனிப்பு குடித்தால் மூளைக்கு உடனே தெம்பு வரும் என்று நாமெல்லாம் நம்புகிறோம். 2019-இல் இது பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தவர்கள், சர்க்கரையால் மனநிலையில் எந்த ஏற்றமும் வரவில்லை, குடித்த அரை மணி நேரத்தில் களைப்பு கூடியது, ஒரு மணி நேரத்துக்குள் விழிப்பு குறைந்தது என்று கண்டார்கள். தேர்வுக்குள் நுழையும் முன் ஒரு குளிர்பானம் வாங்கிக் கொடுத்து அனுப்பும் பாசத்தைப் பற்றி வேறு என்ன சொல்ல.

டப்பாவில் வரும் மால்ட் பவுடரைப் பற்றி உம்மாமார்கள் அதிகம் கேட்டார்கள். அது விஷம் அல்ல, மருந்தும் அல்ல. 2008-இல், ஹார்லிக்ஸ் குடித்தால் பிள்ளைகள் உயரமாக, பலமாக, கூர்மையாக வளர்வார்கள் என்று சொன்ன ஒரு விளம்பரத்தை, ஆதாரம் போதாது என்று பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு நிறுத்தியது. 2024 ஏப்ரலில் நம் மத்திய வணிக அமைச்சகம், இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ பிரிவிலிருந்து எடுத்துவிடுமாறு இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை என்பது காரணம். டப்பாவின் பின்புறம் சேர்மானப் பட்டியல் இருக்கும். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. சர்க்கரை எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிள்ளை பால் குடிக்க அடம்பிடித்தால் ஒரு கரண்டி போடலாம். அதற்காகக் கடன் வாங்கி வாங்க வேண்டிய பொருள் அல்ல அது.

பெண் பிள்ளைகளின் டீ

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. இரும்புச்சத்து குறைந்தால் முகம் வெளுப்பது மட்டுமா? கவனம் நிற்காது, படித்தது ஏறாது, எப்போதும் அசதி. “சோம்பேறி” என்று வீட்டில் பெயர் வாங்கும் எத்தனையோ பெண் பிள்ளைகளுக்கு உண்மையில் இரத்தம் இல்லை.

தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான டானின், உணவில் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்கிறது. கீரை, பருப்பு, கேழ்வரகு முதலியவற்றில் உள்ள இரும்பில் பாதிக்கும் மேல் இப்படி வீணாகலாம். இறைச்சியிலும் ஈரலிலும் உள்ள இரும்பு வேறு வகை, அதை டீ அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆனால் நம் வீடுகளில் தினமுமா ஈரல் சமைக்கிறோம்? பெரும்பாலான நாட்களில் காலையில் இட்லியோ ரொட்டியோ, கூடவே டீ. இரண்டும் ஒன்றாக இறங்குவதில்தான் சிக்கல். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காப்பி வேண்டாம் என்பது மேலே சொன்ன 2024 வழிகாட்டியின் அறிவுரை. நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா இவற்றில் உள்ள வைட்டமின் சி இரும்பைச் சேர்த்துவிட உதவும். சாப்பாட்டோடு டீக்குப் பதில் எலுமிச்சைச் சாறு என்பது செலவில்லாத மாற்றம். பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் டீயோடு விழுங்கக் கூடாது. வாடிப் போயிருக்கும் பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். அங்கே அதற்குக் கட்டணம் இல்லை.

ரமலானும் தேர்வும்

சில ஆண்டுகளாகப் பொதுத்தேர்வும் ரமலானும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வருகின்றன. முதல் இரண்டு மூன்று நோன்புகளில் மதியத்துக்கு மேல் வரும் தலைவலியைப் பசி என்று பலர் நினைக்கிறோம். டீ, காப்பி பழக்கம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அது காஃபின் நின்றதால் வரும் வலி. கடைசியாகக் குடித்த 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும், ஓரிரு நாட்களில் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரம் வரைகூட இழுக்கலாம். தினமும் 100 மில்லிகிராம், அதாவது இரண்டு மூன்று டீ குடிப்பவர்களுக்கே இது வரலாம். ஒரேயடியாக நிறுத்துவதால்தான் வருகிறது.

வழி எளிது. ஷஅபான் பாதியிலிருந்தே குறைத்துக்கொண்டு வர வேண்டும். நாலு டீ குடிப்பவர் மூன்றாக்கி, நாலைந்து நாள் கழித்து இரண்டாக்கி, நோன்பு தொடங்கும்போது ஒன்றில் வந்து நிற்கலாம். அந்த ஒன்றை எப்போது குடிப்பது? இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் இடறுகிறது. தராவீஹ் முடிந்து பத்தரை மணிக்கு டீக்கடையில் கூடி நின்று குடிக்கிறோம். அதில் பாதி மூன்றரை மணிக்கும் உடம்பில் இருக்கும், அதற்குள் ஸஹருக்கு எழுப்பிவிடுவார்கள். மறுநாள் தேர்வு எழுதும் பிள்ளையும் வாப்பாவோடு அங்கே நிற்கிறது. மக்ரிப் தொழுகை முடிந்ததும் அந்த டீயைக் குடித்துவிடலாம். பழக்கமுள்ள பெரியவர்கள் ஸஹரில் சிறிய கிளாஸ் ஒன்று குடித்தால் பகல் தலைவலி குறையும்.

ஸஹரில் டீ குடித்தால் உடம்புத் தண்ணீர் எல்லாம் சிறுநீராகப் போய்விடும் என்று ஒரு பேச்சு உண்டு. பழக்கமில்லாதவருக்கு ஓரளவு போகும். பழகியவர்களுக்கு அப்படி இல்லை. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் காப்பி பழக்கமுள்ள 50 ஆண்களுக்குச் சில நாட்கள் காப்பியும் சில நாட்கள் அதே அளவு தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார்கள். உடலின் நீர்நிலையில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை என்று 2014-இல் எழுதினார்கள். பயம் வேண்டாம், அளவு வேண்டும்.

பகல் முழுக்க நீர் இல்லாமல் இருக்கும் மாதத்தில் மூளைக்கு அதிகம் வேண்டியது தண்ணீர்தான். உடல் எடையில் இரண்டு சதவீத அளவு நீர் இழந்தாலே கவனம் தடுமாறத் தொடங்குகிறது. 50 கிலோ உள்ளவருக்கு அது ஒரு லிட்டர், நம் ஊர் வெயிலில் ஒன்றும் பெரிதல்ல. நோன்பு திறக்கும்போது சிவப்புச் சர்பத்தை இரண்டு டம்ளர் குடித்துவிட்டால் வயிறு நிறைந்துவிடும், தண்ணீருக்கு இடம் இருக்காது. சர்பத் ஒரு டம்ளர் போதும். மீதியைத் தண்ணீராக, ஸஹர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். நோன்புக் கஞ்சியை யாரும் பானம் என்று எண்ணுவதில்லை. ஆனால் தண்ணீர், உப்பு, அரிசி, பருப்பு, வெந்தயம் எல்லாம் ஒரே கிண்ணத்தில் இருக்கிறது. எங்கள் கணிப்பில், தேர்வு எழுதிவிட்டு வாடி வந்த பிள்ளைக்கு எந்த டப்பாவும் பாட்டிலும் அதற்கு ஈடாகாது.

இன்னும் இரண்டு செய்திகள். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குகிறது. வீட்டில் உள்ள பெரியவர் திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். நீர்ச்சத்தோ உப்புச்சத்தோ குறைந்ததாக இருக்கலாம், கிருமித்தொற்றாகவும் இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் வேன், லாரி ஓட்டும் சகோதரர்கள், டீயைக் குடித்துவிட்டு உடனே ஸ்டியரிங்கைப் பிடிக்கிறீர்கள். காஃபின் மூளைக்குப் போகவே அரை மணி நேரம் ஆகிறது. டீ குடித்துவிட்டு வண்டியிலேயே 15 நிமிடம் கண்ணை மூடுங்கள். எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். பிரிட்டனின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் ஓட்டுநர்களை வைத்துச் சோதித்து உறுதி செய்த முறை இது. அதற்குப் பிறகும் கண் இழுத்தால் வண்டியை எடுக்க வேண்டாம், வீட்டில் காத்திருப்பார்கள்.

இந்த மாதம் முதல் நம் படிப்பு வகுப்பில் டீ மாலை 5 மணிக்கு மட்டும். எட்டரை மணிக்குச் சுண்டலும் தண்ணீரும். பத்தரை வரை நடந்த வகுப்பை ஒன்பது மணிக்கே முடிக்கிறோம். முதல் வாரம் மாணவர்கள் முறைத்துக்கொண்டார்கள், இப்போது சுண்டல் போதவில்லை என்கிறார்கள். அந்த மாணவர் பொதுத்தேர்வை முழுவதும் எழுதி முடித்தார். கணக்கில் எத்தனை மதிப்பெண் என்பது எங்களுக்குத் தெரியும். கண் பட்டுவிடும், போட வேண்டாம் என்று அவருடைய உம்மா கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை.

வகுப்புக்குக் குழாய் வைத்த மண்பானை இன்னும் இரண்டு தேவைப்படுகிறது. தர விரும்புவோர் அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் தெரிவிக்கலாம்.